செப்பாணி அடித்தது நான்

மகன், கையில் கத்தி இருந்தால் கீழே வைத்துவிட்டு இதை வாசி. ஸலாம் சொல்லித்தான் கடிதம் தொடங்க வேண்டும் என்று எனக்கும் தெரியும். அதைக் கடைசியில் சொல்கிறேன், அப்போதும் என்னிடமிருந்து வாங்கிக்கொள்ள உனக்கு மனம் இருந்தால். மருதமுனைத் தேத்தண்ணிக் கடையில் பத்துப் பேர் முன்னால் நீ சொன்னது கல்முனைக்குடிக்கு வந்து சேர்ந்துவிட்டது. "ஒரு கைய எங்கட வாப்பா எடுத்தாரு. மத்தக் கைய நான் எடுப்பன்" என்றாயாம். வள்ளம் கட்டும் தச்சர் ஆதம்பாவா ஓடாவி எட்டு வருடத்துக்குப் பிறகு ஊர் திரும்பி வந்திருக்கிறார், உனக்குப் பெண் தரும் வீட்டுக்கு இரண்டு ஒழுங்கை தள்ளிக் குடியிருக்கிறார், கல்யாணம் முடிந்து நீ அந்த வீட்டு மாப்பிள்ளையாகப் போய் இருக்கும்போது தினமும் அவர் முகத்தில் முழிக்க வேண்டும். அதனால் கல்யாணத்துக்கு முந்தியே கணக்கை முடிக்கப் போகிறாய். உன்னை எனக்குத் தெரியும். சொன்னால் செய்வாய். அப்படித்தான் உன்னை வளர்த்தேன். இதை நேரில் வந்து சொல்லியிருக்கலாம். ஆனால் முகத்துக்கு முகம் நின்றால் நம் இருவரில் ஒருவன் கை ஓங்குவான், மற்றவன் திருப்பி அடிப்பான், சொல்ல வந்த கதை மண்ணோடு போய்விடும். அதனால்தான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன் உட்கார்ந்து எழுதுகிறேன். ஒளித்து வைத்து வாசிக்காதே. அதே தேத்தண்ணிக் கடையில், அதே பத்துப் பேர் முன்னால், சத்தமாக வாசி.

நான் பள்ளிக்கூடத்தை விட்ட கதை உனக்குத் தெரியும், நானே சிரித்துச் சிரித்துச் சொல்லியிருக்கிறேன். மாஸ்டர் பிரம்பால் விரல் மொழியில் அடித்தார், நான் மைக்கூட்டை எடுத்து அவர் நெற்றியில் எறிந்தேன், ரத்தமும் மையும் சேர்ந்து வடிந்தது, ஜன்னலால் பாய்ந்து நேரே கடலுக்கு ஓடினேன். நான் சொல்லாமல் விட்டது அதற்குப் பிறகு நடந்தது. என் வாப்பா என்னைத் தென்னை மரத்தில் கட்டித் திருக்கை வாலால் அடித்தார். திருக்கை வால் தோலை மட்டும் எடுக்காது, உள்ளே போய் எடுக்கும். அடித்து முடித்து அவிழ்த்துவிட்டு, "இனி ஆருட்டயும் அடி வாங்காத. முந்தி அடி" என்றார். எனக்குக் கிடைத்த முழுப் படிப்பும் அந்த ஒரு வரிதான். அதைத்தான் உனக்கும் கொடுத்தேன். முந்தி அடித்தவன் கேட்பதில்லை மகன். கேட்க அவனுக்கு நேரம் இருப்பதில்லை.

அந்த அலுமினியத் தோணியை நான் வாங்கியபோது உனக்குப் பத்து வயது. வெள்ளைக்காரன் உலகச் சண்டை முடிந்து போகும்போது திருக்கோணமலையில் விட்டுப் போனதை ஏலத்தில் எடுத்து லொறியில் ஏற்றிக்கொண்டு வந்தேன். இந்தக் கரையில் அப்படி ஒன்றை யாரும் பார்த்ததில்லை. இரண்டு பேர் தூக்கலாம், அவ்வளவு லேசு. ஆனால் உள்ளே வெறும் தகடும் விலாச் சட்டமும்தான். கச்சான் காற்றடிக்கும் காலத்து வெயிலில் பத்து மணிக்கே உள்ளங்கால் பொரியும். ஒரு துடுப்பு தட்டுப்பட்டால் கோயில் மணி மாதிரிச் சத்தம், கீழே நின்ற மீன் அவ்வளவும் ஓடிவிடும். வலை விலாவில் மாட்டிக் கிழியும். கரையில் நின்று கயிறு பிடித்து வலை இழுக்கும் கரைவலைக்காரர்கள் அதற்குச் 'சட்டி' என்று பெயர் வைத்துவிட்டார்கள். "என்ன காக்கா, சோறாக்கப் போறியளா, மீனுக்குப் போறியளா?" என்று தம்பி முறையான ஒருவன் கேட்பான். "மூடி எங்க? ஆவி போகுதே" என்று இன்னொருவன். நான் சிரிக்கிற ஆள் இல்லை. ஒருவன் காதைப் பிடித்துக் கிழித்தேன். அவன் தம்பி என் தொடையில் மீன் வெட்டும் கத்தியை இறக்கினான். அந்தத் தழும்பைத்தான் நீ சின்னதில் தடவித் தடவிப் பார்ப்பாய்.

தோணிக்குள் கால் வைக்கப் பலகைத் தட்டுப் போட வேண்டும், முன்பக்கம் ஒரு மூடுதட்டும் வேண்டும் என்று ஆதம்பாவா ஓடாவியிடம் போனேன். அவரை உனக்கு என் வாயால்தான் தெரியும், அதனால் தெரியாது என்றே வைத்துக்கொள். சண்டைக் காலத்தில் திருக்கோணமலையில் வெள்ளைக்காரனின் தோணிகளைத் திருத்திய மனிதர். அலுமினியம் என்ன சாமான் என்று தெரிந்த ஓடாவி இந்தப் பக்கம் அவர் ஒருவர்தான். இரண்டு நாள் தோணிக்குள்ளேயே குந்தியிருந்து, மட்டையை வெட்டி வெட்டி வைத்து அளவெடுத்தார். பலாப் பலகையில் தட்டை மூன்று துண்டாகச் செய்தார். விலாவுக்கு மேல் தும்புக் கயிற்றைப் பரப்பி, அதற்கு மேல் தட்டை இருத்தி, பக்கத்தில் மர ஆப்பால் இறுக்கினார். ஒரு ஆணி இல்லை. எனக்குப் பிடிக்கவில்லை.

"இதென்ன ஓடாவியார், பாய் விரிச்ச மாதிரி? ஆணி எங்க?"

"தம்பி, இது மரமில்ல. கடலால வந்தா ஆப்பத் தட்டி விடுங்க, தட்டக் கழட்டுங்க, நல்ல தண்ணி ஊத்திக் கழுவுங்க. கீழ என்ன நடக்கிற எண்டு கண்ணால பாருங்க. அதுக்குத்தான் இப்பிடிச் செஞ்ச."

"கழண்டு போற தட்ட வெச்சா ஊர் சிரிக்கும்."

"சிரிச்சிட்டுப் போகட்டும். நீங்கதானே அதுக்குள்ள இரிக்கப் போற. இன்னொண்டு. செம்பு மட்டும் இதுக்குள்ள வரப்படா. அங்க ஒரு தோணியில துண்டுச் செப்புக் கம்பி உப்புத் தண்ணியோட கிடந்த. கிடந்த இடம் மாவாப் போயிட்டு. நான் விரலால குத்திப் பாத்த, விரல் வெளிய வந்த."

அவர் சொன்னது ஒவ்வொரு சொல்லும் என் காதில் விழுந்தது. மறந்துபோனேன், விளங்கவில்லை என்று எங்கேயும் எழுத மாட்டேன். விளங்கியது. ஆனால் நம் கரையில் ஒரு மனிதனின் வள்ளம் எப்படிப்பட்டது என்று கேட்டால் முதலில் ஆணியைத்தான் பார்ப்பார்கள். இரும்பாணி என்றால் இல்லாதவன். செப்பாணி என்றால் ஆள். என் வாப்பாவின் வள்ளம் செப்பாணி, அவருடைய வாப்பாவின் வள்ளம் செப்பாணி. எனக்கு மட்டும் ஆப்பா?

ஏழு நாள், ஒரு கிழமை பொறுத்தேன். ஒரு நாள் காலையில் தோணியைத் தள்ளும்போது கரையோர அலை ஒன்று முன்பக்கம் ஏறி அடித்தது. நான் அவசரத்தில் ஆப்பைச் சரியாக இறுக்கவில்லை. நடுத்தட்டு கிளம்பி வந்து என் வாயில் அடித்தது, முன்பல் ஒன்று உடைந்து மணலில் விழுந்தது. கரைவலைக்காரர் முப்பது பேர் கயிற்றை விட்டுவிட்டுச் சிரித்தார்கள். "சட்டி வாயால உதைச்சிட்டுடா" என்று ஒருவன் கத்தினான். நான் ரத்தத்தைத் துப்பிக்கொண்டு அந்தத் தட்டாலேயே அவன் முதுகை வெளுத்தேன். பிறகு மூன்று பேர் என்னை வெளுத்தார்கள். அடுத்த நாள் ஓடாவி காத்தான்குடிக்குத் தன் மகளைப் பார்க்கப் போயிருந்தார். ஒரு மர வள்ளத்துக்கென்று அவர் பட்டறையில் வைத்திருந்த செப்பாணிகளை எடுத்து வந்தேன். உன் மாமா மீராலெவ்வை, உன் உம்மாவின் தம்பி, பக்கத்தில் இருந்து தட்டைப் பிடித்தான். விலாச் சட்டங்களில் துளை போட்டேன், ஆணியை இறக்கினேன், நுனியை அடியில் மடக்கினேன். மடக்கிய நுனி அடித்தகட்டோடு ஒட்டிக்கொண்டு நின்றது. உன் மாமா ஒரே ஒரு தடவை கேட்டான்: "மச்சான், ஓடாவியார் செம்பு வேணாம் எண்ட தானே?" நான், "பிடிடா" என்றேன். பிடித்தான். இருபத்திரண்டு வயது அவனுக்கு. நான் சொன்னால் பிடிப்பான்.

அதற்குப் பிறகு அந்தத் தட்டு அசையவில்லை. ஊரார் வந்து தடவிப் பார்த்தார்கள். ஓடாவி திரும்பி வந்ததும் இரண்டு தடவை, தட்டைக் கழற்றிக் காட்டுங்கள் தம்பி, ஆப்பைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார். ஒவ்வொரு தடவையும் அவசரமாகக் கடலுக்குப் போகிறேன் என்று தோணியைத் தள்ளிவிட்டேன். மூடுதட்டுக்கும் மிதிதட்டுக்கும் கீழே உப்புத் தண்ணீர் தேங்கி நின்றதை ஆறு மாதம் யாரும் பார்க்கவில்லை. பார்க்க முடியாதபடி அடித்தவன் நான்.

அந்த நாள் எனக்கும் உன் மாமாவுக்கும் சூரை மீன் நல்ல பாடு. தோணி நிறைய மீன். கரை தெரிந்தது, பள்ளிவாசல் மினாரா தெரிந்தது. கால் காய்ந்திருந்தது மகன், தட்டின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. உன் மாமா துடுப்பை நிறுத்திவிட்டு, "மச்சான், தோணி ஒரு மாதிரி ஆடுது" என்றான். "மீன் பாரம்" என்றேன். "மீன் பாரம் இப்பிடி ஆடா. கீழ தண்ணி ஓடுற சத்தம் கேக்குது. தட்டக் கிளப்பிப் பாப்பம்." எப்படிக் கிளப்புவது? அவன் கத்தியைத் தட்டின் இடுக்கில் விட்டு நெம்பினான். கத்தி முறிந்தது. முறிந்த துண்டைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான். அந்த நேரம் பின்னால் ஒரு அலை எழும்பியது. கீழே நின்ற தண்ணீர் முழுவதும் ஒரு பக்கம் ஓடியது, தோணி எருமை புரளுவது போலப் புரண்டது. நான் எறியப்பட்டேன். அவன் தட்டுக்குக் கீழே போனான். தட்டு பாதி பெயர்ந்து தொங்கியது. நான் மடக்கிய ஆணிகள் நிமிர்ந்து நின்றன. மூன்று ஆணி அவன் முதுகில் கொளுவியிருந்தன. கக்கத்தில் கை கொடுத்து இழுத்தேன். இழுக்க இழுக்க ஆணி ஏறியது. அவன் தண்ணீருக்குள் வாய் திறந்து கத்தியது குமிழியாக என் முகத்தில் பட்டது. மேலே வந்து மூச்செடுத்தேன், திரும்பப் போனேன், இழுத்தேன். மூன்றாம் தடவை போனபோது அவன் என் கையைப் பிடிக்கவில்லை. பிறகுதான் கழன்று வந்தான்.

கரையில் என்ன நடந்தது என்று நீ பார்த்தாய். ஆனால் நீ நின்ற இடத்திலிருந்து எல்லாம் கேட்டிருக்காது, அதனால் நான் சொல்கிறேன். மீராலெவ்வையை மணலில் கிடத்தியிருந்தோம். உன் உம்மா அவன் காலைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். அலை தோணியைக் கொண்டுவந்து கவிழ்த்துப் போட்டது. யாரோ ஒருவர், "இந்தத் தட்டுப் போட்டவன் ஆரு?" என்று கேட்டார். ஊரே என் முகத்தைப் பார்த்தது. நான், "ஓடாவி" என்றேன். அவர் பட்டறையிலிருந்து ஓடி வந்துகொண்டிருந்தார். வந்த வேகத்தில் துடுப்பால் அவர் தோளில் அடித்தேன். அது முதல் அடி. அதில் துக்கம் இருந்தது, அதற்காக அல்லா என்னை மன்னித்தாலும் மன்னிப்பான். அவர் விழுந்தது தோணியின் பக்கத்தில். விழுந்தவர் அடித்தகட்டில் இருந்த ஓட்டையைப் பார்த்தார். வலக்கையை ஓட்டைக்குள் விட்டுத் தடவினார், வெள்ளை மாவாக விரலில் வந்தது. தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்து, "தம்பி, இதுக்குள்ள செம்ப ஆரு அடிச்ச?" என்றார். அலைச் சத்தம், ஒப்பாரிச் சத்தம், முப்பது பேரின் கத்தல். யாருக்கும் அது கேட்கவில்லை. எனக்குக் கேட்டது. கேட்ட பிறகுதான் இரண்டாவது அடி. தோணி விளிம்பில் இருந்த அந்தக் கைக்கு, மணிக்கட்டுக்கு, குறி பார்த்து அடித்தேன். எலும்பு முறிந்த சத்தம் அலைக்கு மேலால் கேட்டது. அதற்குப் பிறகு அடித்ததை நான் எண்ணவில்லை, அவர் திரும்ப வாய் திறக்கக்கூடாது என்பதற்காக அடித்தேன். நீ ஓடிவந்து ஒரு பிடி மணலை அள்ளி அவர் கண்ணில் எறிந்தாய். நான் உன்னைத் தூக்கித் தோளில் வைத்து, "என்ட மகன்" என்றேன். அதை நீ மறக்கவில்லை என்று தெரியும். நானும்தான்.

பிறகு பள்ளியில் பெரியவர்கள் கூடி விசாரித்தார்கள். ஓடாவி வந்தார், வலக்கை கழுத்தில் தூளி கட்டித் தொங்கியது. "நான் ஒரு ஆணி அடிக்கல்ல. குர்ஆன்ல கை வெச்சுச் சத்தியம் பண்ணுவன்" என்றார். எழுந்து இடக்கையை நீட்டினார். அவருக்கு நீட்ட வேறு கை இருக்கவில்லை. பின்னால் இருந்து ஒருவன், "இடக் கையாலயா?" என்றான். இரண்டு பேர் சிரித்தார்கள். ஓடாவி தன் இடக்கையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார், நான் தரையைப் பார்த்தேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார், அந்தக் கிழமையே ஊரைவிட்டுப் போய்விட்டார். என்னைச் சத்தியம் செய்யச் சொல்லி ஒருவரும் கேட்கவில்லை. மச்சானைப் பறிகொடுத்தவனை எப்படிக் கேட்பது என்று விட்டுவிட்டார்கள். நான் தோணியைக் கோடரியால் கொத்தித் துண்டாக்கிச் சட்டி வியாபாரிக்குக் கொடுத்தேன். கோபத்தில் கொத்துகிறான் என்று ஊர் பேசியது. ஒரே ஒரு தகட்டை மட்டும் கொடுக்க முடியவில்லை. கூரையில் கிடுகுக்குள் செருகி வைத்தேன். ஏன் வைத்தேன் என்று எட்டு வருடம் எனக்கே தெரியவில்லை.

போன வாரம் உன் பேச்சு காதுக்கு வந்ததும் நான் ஓடாவி வீட்டுக்குப் போனேன். முற்றத்தில் குந்தி, இடக்கையால் உளி பிடித்து ஒரு அகப்பைக் காம்பு செதுக்கிக்கொண்டிருந்தார். வள்ளம் செய்த மனிதர். வலக்கை மணிக்கட்டிலிருந்து வளைந்து, காய்ந்த மட்டை மாதிரி மடியில் கிடந்தது. நான் நின்றுகொண்டே சொன்னேன், செம்பு நான்தான் அடித்தேன் என்று. அவர் செதுக்குவதை நிறுத்தவில்லை.

"அது எனக்குத் தெரியும் தம்பி. உங்களுக்குத் தெரியும் எண்டும் எனக்குத் தெரியும். ரெண்டாவது அடிக்கு முந்தி உங்கட கண்ணப் பாத்த நான்."

"மாப்புக் கேக்க வந்த நான்."

"எனக்கிட்ட என்னத்துக்கு? என்ட கண்ணுல மண்ணப் போட்ட புள்ளைக்கிட்டப் போய்ச் சொல்லுங்க. அவன்தான் இன்னமும் நம்பிக்கிட்டு இரிக்கான்."

அவ்வளவுதான் கதைத்தார். உட்காரச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் உட்கார்ந்திருக்க மாட்டேன்.

நேற்று உன் உம்மாவிடமும் சொன்னேன். மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். முழுவதும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "தம்பிட கத்தி முறிஞ்சிதெண்டு சொன்னீங்களே. அது எதுல முறிஞ்ச?" நான் அடித்த தட்டில் என்றேன். கையைக் கழுவினாள், உள்ளே போனாள், கதவைச் சாத்தினாள். அதற்குப் பிறகு எனக்குச் சோறு வைக்கவில்லை. அவள் பக்கம் போய் எனக்காகப் பேசாதே. அது அவளுடைய தம்பி.

இனி உனக்கு. பெண் வீட்டார் உனக்குத் தரப் போகும் தோணியும் அதே மாதிரி ஏலத்து அலுமினியம்தான், நீ அதற்குச் செப்பாணியில் தட்டுப் போட ஆள் தேடுகிறாய் என்றும் கேள்விப்பட்டேன். எங்கட வாப்பா மாதிரி அடிக்க வேணும் என்றாயாம். அடிக்காதே. தட்டு கழற்றக்கூடியதாக இருக்கட்டும். கடலிலிருந்து வந்ததும் கழற்று, நல்ல தண்ணீர் ஊற்று, அடித்தகட்டைக் கையால் தடவிப் பார். வெள்ளை மாவு கையில் வந்தால் அன்றைக்குக் கடல் இல்லை. யாராவது சிரித்தால் சிரிக்கட்டும். இவ்வளவும் எனக்குச் சொல்லத் தெரியும், செய்யத் தெரியாது. அந்தத் தட்டைப் போடத் தெரிந்த கை இந்தக் கரையில் ஒன்றுதான் இருந்தது.

இதோடு அந்தத் தகட்டைத் துணியில் சுற்றி அனுப்புகிறேன். கடையில் இருக்கிற எல்லோருக்கும் காட்டு. அதில் ஏழு ஓட்டை இருக்கிறது, ஒன்றில் ஆணி இன்னமும் நிற்கிறது, பச்சை பிடித்துப்போய். ஓட்டைக்குள் உன் விரலை விட்டுப் பார். வருகிற வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் பள்ளியில் எல்லோர் முன்னாலும் இதை என் வாயால் சொல்லப் போகிறேன். என் வலக்கையை யாரும் உடைக்கவில்லை, அது நன்றாக இருக்கிறது, அதைக் குர்ஆன் மேல் வைத்துச் சொல்வேன். அதற்குப் பிறகு ஊர் என்னை என்ன செய்தாலும் செய்யட்டும். உன் கல்யாணத்துக்கு நான் வரலாமா என்று நீ முடிவு செய். ஸலாம் உனக்கு.

இவ்வளவுக்குப் பிறகும் உன் கை யாரையாவது அடிக்கத்தான் வேண்டும் என்று துடித்தால் ஓடாவி வீட்டு ஒழுங்கைக்குள் கால் வைக்காதே. நம் வீட்டுக்கு வா. அந்தத் துடுப்பு கதவுக்குப் பின்னால் அப்படியே நிற்கிறது. அதை எடுத்துக்கொண்டு வா, நான் கடற்கரையில், தோணி கவிழ்ந்து கிடந்த இடத்தில் இருப்பேன். முதல் அடியை அடி, நான் கையைத் தூக்க மாட்டேன். இரண்டாவது அடிக்கு முந்தி மட்டும், விழுந்து கிடப்பவன் என்ன சொல்கிறான் என்று கேள்.